கரடு, மலை, கொஞ்சம் சுண்ணாம்பு

சங்ககிரி டீச்சரின் கேள்வி - பதில் பக்கம்

போன இதழில் எங்கள் அப்பாவின் சுண்ணாம்புக் காளவாய், அதாவது சுண்ணாம்புக்கல் சுடும் சூளை, பற்றி நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி சுண்ணாம்பைப் பற்றி, மீதி மலை நடையைப் பற்றி. இரண்டையும் சேர்த்தே கேட்டவர் ஒருவர்தான். அவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

டீச்சர், என் மகன் தாய்லாந்து போயிருந்தபோது ஒரு அணையின் படங்களை அனுப்பினான். தண்ணீருக்கு நடுவே சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக நிற்கின்றன. நம் பக்கம் அணையும் சுண்ணாம்புக்கல் மலையும் அருகருகே இருந்து, என்னைப் போல முழங்கால் வலிக்காரர்களும் நடக்கிற மாதிரி இடம் உண்டா?
– வாசகி, பெருந்துறை

உங்கள் மகன் போனது சூரத் தானி மாகாணத்து ராட்சபிரபா அணையாக இருக்க வேண்டும். காவ் சோக் தேசியப் பூங்காவை ஒட்டி 1987-ல் கட்டி முடித்த அணை. என் பழைய மாணவி ஒருத்தியும் அதே படங்களை எனக்கு அனுப்பி, "டீச்சர், இது என்ன கல்?" என்று கேட்டாள். ஓய்வு பெற்றாலும் விடமாட்டேன் என்கிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மாதிரி மலை கொங்கு நாட்டில் இல்லை. சுண்ணாம்புக்கல் நிறைய இருக்கிறது, அது மலையாக நிற்கவில்லை. தாய்லாந்தில் இருப்பது கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய கல். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறும். அந்தப் புளிப்புத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். அப்படிப் பல லட்சம் வருடம் கரைந்து, கரையாமல் மிஞ்சி நிற்பவைதான் அந்தத் தூண்கள். நம்முடைய கல் அதைவிட எவ்வளவோ பழையது. பூமிக்கு ஆழத்தில் போய் வெந்து, நெரிபட்டு, படிகமாகிவிட்டது. உடைத்துப் பார்த்தால் உள்ளே கற்கண்டு மாதிரி மின்னும். அது மற்ற கடினமான பாறைகளுக்கு நடுவே பட்டை பட்டையாக, செங்குத்தாகச் செருகிய பலகை போல ஓடுகிறது.

அந்தப் பலகையைத்தான் நாம் உருவிக்கொண்டிருக்கிறோம். மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்தது 1934-ல். எங்கள் சங்ககிரிப் பக்கமும் அப்புறம் ஆலை வந்தது. கல் இருந்த இடமெல்லாம் இன்றைக்குப் படிப்படியாக வெட்டிய குழி. ஆகவே நம் ஊரில் சுண்ணாம்புக்கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் உள்ள வேறு மலையில் ஏறிக் கீழே பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் முழங்காலுக்கு வருவோம். எனக்கும் வயது 67, இடது முழங்கால் சொன்ன பேச்சு கேட்பதில்லை. எனவே போய் வந்தவளாகச் சொல்கிறேன். மதுக்கரையில் தர்மலிங்கேஸ்வரர் கோயில் மலை இருக்கிறது. படிக்கட்டு உண்டு, அவசரமில்லாமல் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சேலைத் தலைப்பைப் பிடுங்கும். அந்தக் காற்றுக்காகவே நான் போவேன். வாளையாறு அணை கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், வண்டியில் கொஞ்ச நேரம்தான். நீங்கள் கேட்டபடி அணையும் மலையும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே பக்கத்தில் கூடி வருகிற இடம் இதுதான்.

சுண்ணாம்புக்கல்லை விட்டுக்கொடுக்க மனமிருந்தால், உங்களுக்கு இதைவிட நல்லது ஆழியாறு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகிற வழியில், 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால். வனத்துறை நடத்தும் நடைப் பாதைகளில் ஆழியாறு கால்வாய்க் கரைப் பாதை ஒன்று. கால்வாய்க் கரை என்றால் உங்களுக்கே தெரியும், தண்ணீர் எவ்வளவு மெதுவாக இறங்குகிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் வழியும் இறங்கும். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி, கவனித்திருப்பீர்கள்.

நடக்கிறபோது காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்லா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் புத்தகத்தில் ஆசிட் ஊற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. அம்மா ஆசிட் தரமாட்டேன் என்கிறார்.
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், சூலூர்

அம்மா செய்தது சரி கண்ணு. உனக்குத் தேவை ஒரு பழைய பேனாக்கத்தியும் அரை எலுமிச்சம்பழமும்தான்.

முதலில் கத்தி. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட்டுக்குக் கடினத்தன்மை 3. கத்தி இரும்பு ஏறத்தாழ 5½. கீறினால் பள்ளம் விழும், வெள்ளைத் தூள் வரும். கருங்கல்லில் உள்ள படிகக்கல், அதாவது குவார்ட்ஸ், 7. அதில் கீறினால் கல்லின் மேல் இரும்புக் கோடுதான் விழும், கத்திதான் தேயும். இந்த ஒரு சோதனையிலேயே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அப்புறம் எலுமிச்சை. நம் பக்கத்துக் கல் படிகமானதால் சும்மா மேலே பிழிந்தால் சோம்பேறித்தனமாக இருக்கும். கீறி எடுத்த தூளின் மேல் பிழி. காதைப் பக்கத்தில் கொண்டு போ. சோடா புட்டியைத் திறந்த மாதிரி மெல்லிய சத்தம் கேட்கும், குமிழி வரும். அது கரியமில வாயு. எலுமிச்சைக்குப் பதில் வினிகரும் ஆகும்.

இப்போது உனக்கு ஒரு வேலை தருகிறேன். சேலத்துக்குப் போகும்போது ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் மண்ணுக்குள் வெள்ளை வெளேரென்று நரம்பு ஓடுவதைப் பார். வெள்ளைக்காரர்கள் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு 'சாக் ஹில்ஸ்', சுண்ணக்கட்டி மலை, என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது சுண்ணமே இல்லை. மேக்னசைட். ஊர்க்காரர்களுக்கு வெள்ளைக்கல். உலைக்குள் வைக்கும் சூடு தாங்கும் செங்கலுக்கு அதுதான் மூலப்பொருள். அங்கே ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். அந்தக் கல்லில் உன் எலுமிச்சையைப் பிழிந்து பார், அனேகமாக ஒன்றும் நடக்காது. குளிர்ந்த, பலவீனமான அமிலத்துக்கு அது மசியாது. அரைப் பழத்தில் கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தால் இப்படித்தான்.

உங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டிப் போட்ட மண்மேடு இருந்தால் அங்கேயும் பார். வெளுத்த, கரடுமுரடான உருண்டைகள் கிடைக்கும், சுக்கான் கல். அதுவும் சுண்ணாம்புதான். மண்ணில் உள்ள சுண்ணாம்புத் தண்ணீர் வெயிலில் வற்றி வற்றித் திரண்டது. அது எலுமிச்சைக்கு உடனே பொங்கும்.

மதுக்கரையிலிருந்து மலை மேலேயே நடந்து வாளையாறு அணைக்கு இறங்குவது போல ஒரு வீடியோ பார்த்தோம். நாங்கள் ஆறு பேர், எல்லாரும் பனியன் கம்பெனியில் வேலை. ஞாயிறு லீவு. வழி சொல்ல முடியுமா டீச்சர்?
– வாசகர்கள், திருப்பூர்

தெரிந்தாலும் சொல்லமாட்டேன். அது காப்புக்காடு. யானை வழி. மதுக்கரைக்கும் வாளையாற்றுக்கும் நடுவே தண்டவாளத்தில் எத்தனை யானைகள் அடிபட்டிருக்கின்றன என்பது செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதற்காகவே 2024-ல் அங்கே செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்தார்கள், யானை தண்டவாளத்தை நெருங்கினால் ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகும். உங்கள் ஆறு பேருக்கும் தகவல் சொல்ல அங்கே கேமரா இல்லை.

2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ. மலை ஏறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அனுமதி இல்லாமல் வனத்துக்குள் நடக்கக் கூடாது என்ற விதிகள் இறுகின. முன்பெல்லாம் அனுமதி வாங்குவதற்குள் ஞாயிறு நான்கு போய்விடும், உங்கள் கோபம் எனக்கும் இருந்தது. இப்போது அந்தச் சாக்கும் இல்லை. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறையே 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டி ஒருவர் கூட வருவார். பெரும்பாலும் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். கோடையில் தீக்காலத்துக்கு மூடிவிடுவார்கள். அதனால் ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவெல்லாம் வேண்டாம், உடனே ஒரு ஞாயிறு கழிய வேண்டும் என்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே சென்னிமலை இருக்கிறதே. 1320 படி. கார் போகும் பாதையை மறந்துவிட்டு வெள்ளெனவே ஏறுங்கள். அந்தப் பக்கம்தான் ஒரத்துப்பாளையம் அணையும். நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டியது, சாயத்தண்ணீர் தேங்கிக் கெட்டுப்போனது. பனியன் தொழிலில் இருக்கிறவர்கள் ஒரு தடவை அந்தக் கரையில் நின்று பார்க்கலாம்.

சங்ககிரி மலைக்கோட்டைக்கு அம்மாவையும் (வயது 70) இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா? எவ்வளவு நேரம் ஆகும்? மேலே என்ன இருக்கிறது?
– வாசகி, கருங்கல்பாளையம், ஈரோடு

எங்கள் மலையைப் பற்றி ஒருவர் கேட்கிறார், இன்றைக்கு இந்தப் பக்கத்தில் மற்றவர்களுக்கு இடம் குறைந்தால் கோபிக்க வேண்டாம்.

போகலாம். ஆனால் 'மேலே வரைக்கும்' என்று முடிவு கட்டிக்கொண்டு போகாதீர்கள். இந்த மலையின் அழகே வாசல் வாசலாக ஏறுவதுதான். ஒவ்வொரு வாசலும் ஒரு திண்ணை மாதிரி. நிழல் இருக்கும், காற்று வரும். உங்கள் அம்மா இரண்டாவது வாசலிலோ மூன்றாவது வாசலிலோ உட்கார்ந்துகொள்ளட்டும், கூட ஒருவர் இருங்கள். பிள்ளைகள் மற்றவருடன் மேலே போய் வரட்டும். எனக்கு உச்சிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பிள்ளைகள் முக்கால் மணி நேரத்தில் போய்விட்டு, "இவ்வளவுதானா?" என்பார்கள்.

மேலே பெருமாள் கோயில் இருக்கிறது, தர்கா இருக்கிறது, இடிந்த கட்டடங்கள் இருக்கின்றன. தீரன் சின்னமலையை வெள்ளையர்கள் 1805-ல் தூக்கிலிட்ட கோட்டை இது. ஆடிப்பெருக்கு அன்று போனால் கூட்டத்தைப் பார்க்கலாம், கோட்டையைப் பார்க்க முடியாது.

கல்லைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இந்த மலை கருங்கல் இனம்தான், கிரானைட். புவியியல்காரர்கள் இதையும் பக்கத்துத் திருச்செங்கோட்டையும் சேர்த்து 'சங்ககிரி - திருச்செங்கோடு கிரானைட்' என்றே எழுதுவார்கள். திருச்செங்கோட்டு மலையில் அந்தச் சிவப்பு இன்னும் நன்றாகத் தெரியும், பெயரிலேயே இருக்கிறது. ஆனால் பாதி மலையில் திரும்பி நின்று சமவெளியைப் பார்த்தால் சிமென்ட் ஆலைப் புகைபோக்கியும், வெளுத்த குழிகளும் தெரியும். அங்கே கிடப்பதுதான் சுண்ணாம்புக்கல். சூலூர்ப் பையனுக்குச் சொன்ன கத்திச் சோதனையை இங்கே செய்தால் கத்திதான் தோற்கும். கோட்டைச் சுவரைக் கீறிப் பார்க்க விட்டுவிடாதீர்கள், அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. கீழே கிடக்கிற துண்டுக் கல் போதும்.

எப்போது கிளம்புவது? காலை ஆறு மணிக்குப் படியில் இருக்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பங்குனி மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். வாடகைக்குப் பேசிய வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். அன்றைக்கே 'நாளைக்குப் போகலாம்' என்று சொல்லியிருக்க வேண்டும், பிள்ளைகள் முகத்தைப் பார்த்து மனசு வரவில்லை. பத்தரை மணிக்கு ஏற ஆரம்பித்தோம். பாறை அந்நேரத்துக்கே தோசைக்கல். கொண்டு போன தண்ணீர் நாலாவது வாசலில் தீர்ந்தது, இரண்டு பெண்கள் மயங்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஆடு மேய்க்க வந்த ஓர் அம்மா தன் தூக்குப்போசியில் இருந்த மோரைக் கொடுத்து அவர்களை எழுப்பினார். "டீச்சருக்கு இது கூடத் தெரியாதா?" என்று கேட்டார். பிள்ளைகள் முன்னால் கேட்டார். எனக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், குரங்குகளுக்கு அந்தச் சரசரப்பு சாப்பாட்டு மணி. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். தேய்ந்த படிகளில் ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் வழுக்கும்.

மேட்டூரில் தண்ணீர் குறையும்போது பண்ணவாடியில் நந்தி தெரிகிறதே, அதுவரைக்கும் நடந்து போகலாமா?
– வாசகர், மேச்சேரி

காய்ந்து வெடித்த வண்டல் மேலே அப்பளம், அடியில் களி. கால் போனால் வருவது கஷ்டம். கரையிலிருந்து பாருங்கள், இல்லையென்றால் பரிசல்காரரிடம் கேளுங்கள். 1925-ல் அணை வேலை தொடங்கி 1934-ல் முடித்தார்கள். 120 அடி நிறையும்போது அந்த நந்தியும் தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்குள், குறைந்தால் எட்டிப் பார்க்கும். நான் மூன்று முறை போய் ஒரு முறைதான் பார்த்தேன்.

சுண்ணாம்புக் குகைக்குள் நடந்து பார்க்க ஆசை. எங்கே போகலாம்?
– வாசகி, பல்லடம்

நம் எல்லையைத் தாண்ட வேண்டும். ஆந்திராவில் பேலும் குகை, 3229 மீட்டர் நீளம். அதில் பாதியளவு நடந்து பார்க்க விடுகிறார்கள். தரை சமதளம், கால் வலிக்காது, வேர்த்துக் கொட்டும். குகை வேண்டாம், சுண்ணாம்புப் பாறை நிமிர்ந்து நின்றால் போதும் என்றால் கர்நாடகத்தில் குமட்டாவுக்கு உள்ளே யாணா. கறுப்பாக இரண்டு பாறைகள், ஒன்று 120 மீட்டர், இன்னொன்று 90. பெருந்துறை அம்மாவுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன், தாய்லாந்தைவிட பஸ் டிக்கெட் மலிவு.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குவாரியில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. சின்ன அணை மாதிரி அழகாக இருக்கிறது. பையன்கள் நீந்தப் போகிறார்கள். பயமாக இருக்கிறது.
– தந்தை, பவானி வட்டம்

பயப்படுங்கள். அணைக்கும் குளத்துக்கும் கரை சரிந்து இறங்கும், கால் வைத்துக் கால் வைத்துப் போகலாம். குவாரிக்குக் கரை கிடையாது. ஓர் அடி தள்ளினால் ஐம்பது அடி. சுவர் வழவழவென்று நேராக இருக்கும், ஏறப் பிடி கிடைக்காது. மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்துகொண்டு, கீழே சில்லென்று இருக்கும். அந்தத் திடீர்க் குளிரில் நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கே மூச்சு அடைக்கும். என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் அப்படிப் போனான். நல்ல நீச்சல்காரன். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் வரும்போது அந்த வருடம் முழுக்க ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் அடுத்த பெயரை வாசிப்பேன்.

ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள், வேலி கேளுங்கள். அதுவரைக்கும் பையன்களைக் கிணற்றுக்கு அனுப்புங்கள், கூடவே ஒரு பெரியவரையும்.

உங்கள் அப்பாவின் காளவாய் இப்போதும் இருக்கிறதா டீச்சர்? எங்கள் தாத்தாவும் காளவாயில் சுண்ணாம்பு வாங்கி வண்டியில் கொண்டு போவார் என்று பாட்டி சொல்வார்.
– வாசகி, திருச்செங்கோடு

இருக்கிறது. திருச்செங்கோடு போகிற வழியில் ரோட்டை விட்டு உள்ளே. யார் கண்டது, உங்கள் தாத்தாவுக்கு அப்பா அளந்து கொடுத்திருக்கலாம்.

கல்லும் கரியும் மாற்றி மாற்றி அடுக்கி அடியில் தீ வைப்பார்கள். கரி என்றால் பெரும்பாலும் ஈரோட்டு ரயில் இஞ்சின் கரி, பாதி எரிந்தது. 900 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் கல் வேகும். 100 கிலோ கல் போட்டால் 56 கிலோ சுண்ணாம்பு. மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. "கல்லுக்குள்ள இருந்த மூச்சுப் போயிருச்சு" என்பார். கல்லூரியில் வேதியியல் வாத்தியார் கரும்பலகையில் இந்தச் சமன்பாட்டை எழுதியபோது நான் சிரித்துவிட்டேன், வெளியே நிற்க வைத்தார்.

தை நோன்பிக்கு முன்னால் வெள்ளையடிக்க வாங்குவார்கள். தெளுவு, அதாவது பதநீர், இறக்குகிறவர்கள் முட்டியின் உள்ளே தடவ வாங்குவார்கள், தடவாவிட்டால் விடிவதற்குள் கள்ளாகிவிடும். வெற்றிலைக்கு வாங்குகிறவர்கள் கையளவுதான் வாங்குவார்கள், பேரம் மட்டும் வண்டிச் சுமைக்கு உள்ளது போலப் பேசுவார்கள். சுட்ட கல்லில் தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதிக்கும் தொட்டிப் பக்கம் எங்களை விடமாட்டார், கண்ணில் தெறித்தால் போச்சு. டப்பா பெயிண்ட் வந்த பிறகு ஒவ்வொருவராக நின்றார்கள்.

போன மாதம் போயிருந்தேன். காளவாயின் வாயில் ஒரு வேம்பு முளைத்து என் உயரத்துக்கு மேல் நிற்கிறது. உள்ளே யாரோ இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளைக் கட்டியிருந்தார்கள். அதில் ஒன்று சுவரை நக்கிக்கொண்டிருந்தது.